கிராமர் சார் வீட்டுச் சட்டம்

கிராமர் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். மருந்துக்கடை மாடியில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'மீ' வந்துவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஹிம் அண்ட் மீ வென்ட்னு சொல்றீங்களே, கூட இருக்கிற ஆளைத் தூக்கிட்டுச் சொல்லிப் பாருங்க. மீ வென்ட்! காது கூசல?" என்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். நல்ல வாத்தியார்தான், அதில் குறை சொல்ல முடியாது.

வீட்டில்தான் கொடுமை. ஒரே மகள் அப்பாவிடம் இங்கிலீஷில் மட்டுமே பேசவேண்டும் என்று, அவள் பள்ளிக்கூடம் போன நாளிலேயே சட்டம் போட்டுவிட்டார். தப்பாகப் பேசினால், திருத்திச் சொல்லும்வரை பதில் கிடையாது. காய்ச்சலில் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாலும் அதே சட்டம்தான். அம்மா இருந்தவரை அவளிடம் தமிழில் அழுதுகொள்வாள். அம்மா போன பிறகு அதற்கும் வழியில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள், சட்டமும் கூடவே போனது.

ஒரு சாயங்காலம் வகுப்பு நடுவே மகள் போன் செய்தாள். குரலில் மூச்சு வாங்கியது.

"டாடி, ஹிம் அண்ட் மீ கேன்ட் லிவ் டுகெதர்."

"ஹீ அண்ட் ஐ. அகைன்," என்றார்.

 மகள் திருத்திச் சரியாகச் சொன்னாள்.

"குட்" என்று போனை வைத்துவிட்டு, அதையே உதாரணமாகப் போர்டில் எழுதத் தொடங்கினார் பாவி மனுஷன். கடைசி வார்த்தைக்கு வந்தபோதுதான் கை நின்றது. புருஷனோடு இனி வாழ முடியாது என்றல்லவா மகள் சொல்லியிருக்கிறாள்!

திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. வகுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினார். காலையில் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள்தான் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னாள்.

தாடை வீங்கிக் கிடந்தாள் மகள். ஒரு கண் திறக்கவே இல்லை.

"என்னம்மா ஆச்சு? அப்பாகிட்ட சொல்லும்மா," என்றார். எத்தனையோ வருஷம் கழித்து அவர் அவளிடம் பேசிய தமிழ் அது. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. உதடு மட்டும் ஓசையில்லாமல் இரண்டு மூன்று தடவை அசைந்தது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று வாத்தியாருக்குப் புரிந்தது.

"ஹீ ஹிட் மீ," என்றாள். திறந்திருந்த கண்ணால் அவர் முகத்தையே பார்த்தாள்.

"இஸ் தட் கரெக்ட், டாடி?"