கடல் பக்கத்து ஜன்னல்

அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் ஈரச் சுண்ணாம்பு நாற்றம் குப்பென்று அடிக்கும், உதட்டில் உப்புக் கரிக்கும். எண்ணூர்க் கரையில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டி நிற்கும் பள்ளிக்கூடத்துச் சுவர் அது. பழைய மாணவர்கள் விழா எடுக்கிறார்களாம். கட்டடத்தைப் பற்றி "நல்லதா நாலு வார்த்தை" எழுதச் சொன்னார்கள். நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? அதைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

அழகான கட்டடம்தான், இல்லையென்று சொல்லவில்லை. சாலைப் பக்கம் வளைவு வைத்த தாழ்வாரம், உச்சியில் சிலுவை, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸ் கூரை, ஆள் உயரத்துக்குப் பச்சைக் கதவு போட்ட ஜன்னல்கள். வெள்ளைக்காரச் சாமியார் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. அவரா மண் சுமந்தார்? கழிமுகத்தில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியதும் மணல் சுமந்ததும் எங்கள் குப்பத்துச் சனம். பூசை முடிவில் சாமியார் "கோயில் வேலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆம்பிளைகள் கூலி கேட்காமல் போய் நிற்பார்கள்; எதற்கு என்றும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேட்காத புத்திதான் எங்களைக் கெடுத்தது.

ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கடல் பக்கத்து ஜன்னலோரம் இடம். "நைனா" என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் கட்டுமரப் பாயில் அம்மா தைத்த சிவப்பு ஒட்டு ஒன்று உண்டு. எத்தனை பாய்க்கு நடுவிலும் அது என் கண்ணில் பட்டுவிடும். பட்ட பிறகுதான் கணக்கு மண்டையில் ஏறும். அந்த வருஷம் பக்கத்துத் தொழிற்சாலை அதிகாரிகளின் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். வகுப்பில் மீன் நாற்றம் அடிக்கிறதென்று அவர்கள் வீட்டார் முகம் சுளிக்க, கடல் பக்கத்து ஜன்னல்களை அடைத்துவிடத் தலைமை சிஸ்டர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை "கோயில் வேலை" அறிவித்தார்கள். நைனாவும் போனார். என் ஜன்னலுக்குச் செங்கல் வைத்தது அவர் கைதான்.

அம்மா அன்று சாயங்காலம் மீன்கூடையை இறக்காமலே நைனாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, நம்ம மண்ணு சொமந்து கட்டுன சொவுத்துக்கு நம்மளே நாறிட்டமா? உன் பொண்ணு பாத்துகினு இருந்த ஜன்னலாச்சே!"

"கோயில் வேலம்மே. இன்னாத்துக்குன்னு சாமியார கேக்க முடியுமா?" என்றார் நைனா.

ஐப்பசியில் ஒருநாள், காலையில் நைனா போனபோது சாதுவாகக் கிடந்த கடல் மதியத்துக்குள் புரண்டது. காற்றின் இரைச்சல் மட்டும் வகுப்புக்குள் கேட்டது. என் எதிரே செங்கல். கரைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "சுவரைப் பார்க்காதே, பலகையைப் பார்" என்றார் சிஸ்டர். நான் வாய்ப்பாடு சொன்னேன். கரையில் குப்பமே நின்றது. சிவப்பு ஒட்டு முகத்துவாரம் வரைக்கும் வந்ததாம், நைனா கையைத் தூக்கிக் காட்டினாராம். அடுத்த அலைக்குப் பிறகு பாயைக் காணோம். நைனா வரவே இல்லை.

ஜன்னல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. அவர் கை தூக்கியதை நானும் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். அதைக்கூட அந்தப் பாழாய்ப்போன கட்டடம் எனக்குக் கொடுக்கவில்லை.

போன வாரம் விழாக் குழுத் தம்பி ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். "பழைய மாதிரியே ஆக்கிட்டோம்க்கா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். செங்கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுப் பச்சைக் கதவு போட்டிருக்கிறார்கள். வெளியே கருங்கல் குவியல், அதற்கப்பால் துறைமுகத்தின் உயரமான மதில், மதிலுக்கு மேலே நிலக்கரி மலை. கடல் தெரியவில்லை. கட்டுமரப் பாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மீன் நாற்றம்கூட இல்லை. காற்று மட்டும் வந்தது, கரித்தூளோடு.

தம்பி இருமினார். "தூசி வருதுக்கா, மூட்றேன்" என்று கதவில் கை வைத்தார்.

"கைய எடு!" என்று கத்திவிட்டேன். "மீன் நாத்தம் புடிக்காம மூடுனீங்க இல்ல? இப்ப தொறந்து வெச்சிகினு கரியத் துன்னுங்க."