மித்ராக்காவுக்கு ஒரு பாயிண்ட்

திங்கட்கிழமை காலை திருவொற்றியூர் ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது நூர்ஜஹானின் போன் வந்தது. மித்ராக்கா இறந்துவிட்டார் என்றாள். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். மகள் நிலா தேநீர் போட்டுக்கொண்டு போய் எழுப்பியபோதுதான் தெரிந்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரை அறிந்த உங்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை. என் கைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து எழுதிய ஏழு பாயிண்டுகள். என் வீட்டுக்காரர் ஏதோ அலுவலகப் பரீட்சை என்று நினைத்து, பாவம், தானே தோசை வார்த்துக்கொண்டார். அத்தனையும் மித்ராக்காவை மடக்குவதற்காக. அவரோ விசாரணைக்கே வராமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நடந்தது இது. திருவொற்றியூரில் ஏறியதிலிருந்து எண்ணூர் தாண்டும் வரை மறுபிறவி உண்டு என்று நான் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்திப்பட்டில் நான் இறங்க எழுந்ததும் என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"அத்த வுடுமே. என்ன ஜெயிக்கணும்னு உனுக்கு எதுக்கு இம்மாம் வெறி? நான் தோத்தா உனுக்கு இன்னா கெடைக்கும்? திங்கக்கெழம வந்து சொல்லு."

அந்தத் திங்கட்கிழமை வந்தது. நான் படியிறங்கி, மித்ராக்கா வீட்டுக்குப் போக எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் காலை வேளையில் அந்தப் பக்கம் ரயில் ஏறியது அதுதான் முதல் முறை. கொருக்குப்பேட்டையில் நூர்ஜஹான் ஏறிக்கொண்டாள். பேசின் பிரிட்ஜ் வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கமித்திரை என்பது முழுப்பெயர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அவருடைய அப்பா காலத்திலிருந்தே, மறுபிறவியை நம்பாத பௌத்தர்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில், ஆய்வகத்தில் வேலை. நூர்ஜஹான் வண்ணாரப்பேட்டைக்காரி, மீஞ்சூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் காலடிப்பேட்டை, வீட்டு வாசலில் நின்றால் கோயில் மணி கேட்கும். கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் பில் அடிக்கிறேன். பதினோரு வருஷமாக எங்கள் மூவருக்கும் பெண்கள் பெட்டியில் அதே ஜன்னலோர இருக்கைகள். வரும் வழியெல்லாம் மதச் சண்டை. பக்கத்தில் உட்கார்ந்து தூங்க முயன்று தோற்ற எல்லாச் சகோதரிகளிடமும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மித்ராக்கா முதலில் எங்கள் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. பழகிய புதிதில் ஒருநாள் நானும் நூருவும் மோதிக்கொண்டோம். எங்கள் சாமியை யார் எப்படி வேண்டுமானாலும் கும்பிடலாம், கேட்பாரில்லை என்றேன். கையோடு, வீட்டில் டிவியே கூடாது என்று தடை போட்ட அவளுடைய பெரியப்பாவை இழுத்தேன். அவள் விடுவாளா? எங்கள் தொழுகையில் முதலாளியும் கூலியாளும் தோளோடு தோள் நிற்பார்கள் என்றாள். கையோடு, எங்கள் கோயிலில் டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு வரிசை, வாங்காதவருக்கு ஒரு வரிசை என்று போட்டாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. எதிரே இருந்த மித்ராக்கா சாத்துக்குடி உரித்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் எங்க லேப்ல வேல பாத்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவ அவ, தன் தண்ணிய கொழாயில புடிச்சிகினு வர்றீங்க. அடுத்தவ தண்ணிய மட்டும் சாக்கடையில மொண்டுகினு வர்றீங்க. அப்பறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சி, என்துதான் சுத்தம்னா?"

அவர் வேலையில் அதுதான் பாலபாடம். இரண்டு தண்ணீரை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே மாதிரி இடத்தில், ஒரே ஆழத்தில் எடுக்க வேண்டும். அன்றிலிருந்து அது எங்கள் பெட்டியின் சட்டமானது. உன் மதத்தின் நல்ல மனிதரைச் சொன்னால் என் மதத்தின் நல்ல மனிதரோடு வை. என்னிடம் உள்ள கெட்டதைச் சொன்னால் உன்னிடம் உள்ள கெட்டதையும் எடுத்து வை. சொல்ல எளிது. ஒரு வாரம் நானும் நூருவும் பேச ஒன்றுமில்லாமல் வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டே போனோம்.

பிறகு இருவரும் கூட்டணி போட்டு அவரிடம் கேட்டோம், உங்கள் பக்கம் மட்டும் சாக்கடையே கிடையாதா என்று.

"கீதே. ஞாயித்துக்கெழம எங்க புத்த விகாருக்கு வா. பற்று அறுக்கணும்னு அரை மணி நேரம் பேசுவாங்க. பேசி முடிச்சதும் மொத வரிச நாற்காலி யாருக்குன்னு ஒரு மணி நேரம் சண்ட போடுவாங்க."

அந்தச் சட்டப்படி இந்த அஞ்சலியும் ஒரே ஆழத்தில் எடுக்கப்பட வேண்டும். அவர் அன்பானவர், அறிவானவர் என்று மட்டும் எழுதினால், 'இன்னாமே, கொழாயிலியே புடிச்சிகினு வந்துட்டியா' என்பார். ஆகவே மறுபக்கமும் சொல்கிறேன். மித்ராக்கா பிடிவாதக்காரி. வாதத்தில் தோற்கப்போவது தெரிந்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். வாயில் சோறு இருக்கும்போது பதில் சொல்லக் கூடாதாம். என் எலுமிச்சை ஊறுகாயை என்னைக் கேட்காமல் எடுப்பார். நான் செவ்வாய்க்கிழமை விரதம் என்று பெருமையடித்த ஒரு நாளில், பிளாட்பாரத்தில் நான் வடை தின்றதைப் பக்கத்துப் பெட்டிக்கே கேட்கும்படி அறிவித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். இரண்டு வடை என்று எண்ணிக்கையோடு சொன்னார்.

ரமலான் மாதத்தில் நூரு எதிரே டப்பாவைத் திறக்க மாட்டார். சொல்லிக்கொள்ளவும் மாட்டார். ஏன் என்று நூரு கேட்டதற்கு, பசியில்லை என்று அந்த மாதம் முழுக்க ஒரே பொய். நான் கைப்பைக்குள் கையை விட்டபடி முறுக்கு நொறுக்கிக்கொண்டிருப்பேன். அதையும் பார்த்துவிடுவார். "மூணு பேருல ரெண்டு பேரு பட்டினி. ஒருத்தி மட்டும் விரதக்காரி" என்பார்.

எப்போதும் ஒரு பெருமை உண்டு அவருக்கு. தன் கையெழுத்து விழாமல் அன்றைய தண்ணீர் ஆலையைத் தாண்டாது என்பார். எத்தனை பேருடைய கையெழுத்தில் அது ஒன்று என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதிலில்லை.

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமையானது அல்ல.

நாங்கள் பழகி ஒரு வருஷம்கூட ஆகாத காலம். ரயிலில் ஊக்கும் சீப்பும் விற்கும் ஒருவர் வருவார். இரண்டு கால்களும் சூம்பிப் போயிருக்கும். கைகளை ஊன்றியே பெட்டி முழுவதும் நகர்ந்து வருவார். அன்று அவரிடம் ஓர் அட்டை ஊக்கு வாங்கிவிட்டு, அவர் நகர்ந்ததும், போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாரோ என்று உச்சுக்கொட்டினேன். இரக்கத்தோடுதான் சொன்னேன். என் அம்மா அப்படித்தான் சொல்வாள், அதே உச்சுக்கொட்டலோடு. யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அவளிடம் அந்த ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

மித்ராக்கா என்னை எப்போதும் 'இன்னாமே' என்றுதான் கூப்பிடுவார். அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கோமதி, எங்க தாத்தாவுக்கு காலு ரெண்டும் நல்லாத்தான் இருந்திச்சி. ஊர்ல அவர கெணத்துகிட்ட வுடல. யாராச்சும் மேல்ருந்து ஊத்தினாத்தான் தண்ணி. கேட்டா, போன ஜென்மத்துல செஞ்ச பாவம்னாங்களாம். அவுரு இன்னா செஞ்சாரு?"

குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். நூரு கீழே பார்த்தாள். அடுத்து வந்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். அது கத்திவாக்கம். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அடுத்த ரயில் வரும் வரை சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் இப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். எதிரில் ஆளில்லாததால் அந்த வாதத்தில் நான் ஜெயித்தேன்.

மறுநாள் வேறு பெட்டியில் ஏறலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ரயில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு என்னைக் கூப்பிட்டது. என் இடத்தில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார்.

"நேத்து கத்திவாக்கத்துல இன்னாமே ஜோலி? ரெண்டாம் வூடு எதுனா வெச்சிகினு கீறியா?"

சிரித்தோம். அதோடு அது முடிந்தது என்று நினைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து வருஷம் சாமியைப் பற்றி, சொர்க்கத்தைப் பற்றி, கறி தின்பதைப் பற்றி, எதையெதையோ பற்றி அவரோடு சண்டை போட்டேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் தொடவில்லை. மறுபிறவி பேச்சு வந்தால் மட்டும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைக் கேள்வி.

அடுத்த ஞாயிறு விகாரில் நினைவுக்கூட்டம். ஒரு வீட்டின் மாடிதான் விகார். எல்லாரும் வெள்ளை உடையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அன்று ஒருவரும் அவற்றுக்குச் சண்டை போடவில்லை. பஞ்சசீலம் என்ற ஐந்து உறுதிமொழிகளையும் சொல்லி முடித்த பிறகு நிலா எங்களிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, அம்மாகிட்ட தினிக்கும் மல்லுக்கு நின்னவங்க நீங்க ரெண்டு பேருதான். வேற யாரு பேசுனாலும் அம்மாவுக்குப் போர் அடிக்கும்" என்றாள்.

நூரு முதலில் எழுந்தாள். மித்ராக்காவின் படத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "அக்கா, நீங்க இப்ப எங்க கீறீங்கன்னு எங்களுக்குள்ள மூணு விதமா பதில் கீது. எது சரின்னு அல்லாவுக்குத் தெரியும். நான் போயி அவனுக்குச் சொல்லிக்குடுக்கத் தேவயில்ல. இருந்தாலும் தொழுகையில சொல்லிட்டேன், இவங்க என் நோன்புக்கு எதிர்ல டப்பா தொறக்காதவங்கன்னு. நீங்க வேணான்னுதான் சொல்லுவீங்க. நான் கேக்கல."

பிறகு என் முறை. கைப்பையிலிருந்து அந்த இரண்டு தாள்களை எடுத்தேன். முதல் பாயிண்டைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஏழும் சாமர்த்தியமானவை. ஏழும் குழாயில் பிடித்தவை. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அவர் கேட்ட கேள்வியைக் கூட்டத்தில் சொன்னேன். ஒருத்தரை மதத்தில் ஜெயித்து நமக்கு என்ன கிடைக்கிறது? சாமிக்காக நாம் சண்டை போடுவதில்லை. சாமிக்கு நம்முடைய வக்காலத்து தேவையில்லை. நமக்குச் சாமியைக் காட்டியவர்களுக்காகப் போடுகிறோம். மித்ராக்கா சொன்னது சரியென்றால் என் அம்மா சொன்னது தப்பு. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவளிடம் போய்ச் சொல்லித் திருத்த முடியாது. அவளால் வந்து தன் பக்கத்தைச் சொல்லவும் முடியாது. அதனால் பெண்கள் பெட்டியில் அவள் சார்பில் நான் கத்திக்கொண்டிருந்தேன். நூரு அவளுடைய அத்தாவுக்காகக் கத்தினாள். மித்ராக்கா தன் தாத்தாவுக்காக. எங்கள் மூன்று பேரில் நியாயமான வழக்கு அவருடையதுதான். சத்தம் போடாமல் பேசியதும் அவர் ஒருவர்தான்.

இதுவரை மேடைத் தமிழில்தான் பேசிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் வரவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்க தாத்தா ஒண்ணும் செய்யலக்கா. அந்த ஊக்கு விக்கறவரும் ஒண்ணும் செய்யல. எங்கம்மா நல்லவங்க. ஆனா போன ஜென்மத்துப் பாவம்னு தப்பாத்தான் சொன்னாங்க. நானும் தப்பாத்தான் சொன்னேன்."

உட்கார்ந்தேன். பின்வரிசையில் மித்ராக்காவின் அண்ணன் இருந்தார். ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதை அவள் இருக்கும்போது சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றிருப்பாள் என்றார். நூரு என் காதில், "பதினோரு வருசத்துல ஒரு பாயிண்டு குடுத்துக்கீறே. கஞ்சப் பிசினாறி" என்றாள்.

அதனால்தான் இப்போது எழுதியும் கொடுக்கிறேன். இந்த அஞ்சலியின் கீழே என் கையெழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள், நிலா.

இப்போதும் நானும் நூருவும் அதே ரயிலில்தான் போகிறோம். அவருடைய ஜன்னலோர இருக்கையில் வேறு பெண்கள் உட்கார்கிறார்கள், நல்லவர்கள். எங்கள் சத்தத்தில் தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சண்டை நிற்கவில்லை. அடுத்தவள் தண்ணீரை எங்கே மொண்டாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்கிறோம். ஊக்கு விற்பவரைப் பார்த்து நான் உச்சுக்கொட்டுவதில்லை. அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்கு எங்கள் மூவரையும்விட வாய் நீளம் என்பது தனிக்கதை.

மித்ராக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு தோல்வி. நேர்மையாகத் தோற்றது, பத்திரமாக வைத்திருக்கிறேன். மற்றபடி மறுபிறவி விஷயத்தில் என் கட்சி மாறவில்லை. யாரையும் கிணற்றிலிருந்து விரட்டாத ஒரு மறுபிறவி இருக்கிறது என்றே இன்றும் சாதிக்கிறேன். மறுக்க வேண்டுமென்றால் அவர் நேரில் வந்து மறுக்கட்டும்.

வர மாட்டார். வந்தால் நான் ஜெயித்ததாக ஆகிவிடும். அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?