அப்பா புகழ்ந்த துப்பாக்கி

சலாலா சந்தையில் ஒரு பொருளின் விலை இறங்க வேண்டுமென்றால் அதன் எதிரே என் அப்பா நின்றால் போதும். பேசக்கூட வேண்டியதில்லை. பொருளை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். துக்க வீட்டுக்கு வந்தவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அதற்கும் படியாவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கடைக்காரர் தானாகப் பின்னால் வருவார். தண்ணீர் மோட்டார், ரப்பர் குழாய், கோழித் தீவனம், ஆட்டுக்கிடாய் எல்லாம் இப்படித்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

எங்கள் தோட்டம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். தோட்டம் அர்பாபுடையது. ஓமான்காரர், எங்கள் முதலாளி. அப்பா அங்கே தென்னையையும் வாழையையும் பப்பாளியையும் பார்த்துக்கொண்டார். அம்மா அர்பாப் வீட்டில் சமைத்தாள். எங்கள் மூவரின் விசாவும் அவருடைய கையெழுத்தில்தான் நின்றது. அப்பாவோடு ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்களெல்லாம் கேம்ப்பில் ஒரே ரூமில் அடுக்குக் கட்டிலில் கிடந்தபோது, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க இடம் கிடைத்தது அப்பாவுக்கு மட்டும்தான். அதனால் அர்பாபிடம் 'முடியாது' என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் அப்போது இந்தியப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள். அதை நான் மறந்தாலும் என் நடை மறக்காது என்று அம்மா சொல்வாள். மருந்துப் புட்டியிலோ மோட்டார் பெட்டியிலோ இங்கிலீஷ் தென்பட்டால் அர்பாப் என்னைத்தான் கூப்பிடுவார். "யா தக்தூரா!" என்பார். டாக்டரம்மா என்று அர்த்தம். நானும் நாடி பிடிக்கிற டாக்டரைப்போலவே அந்தப் பெட்டியைக் கையில் வாங்குவேன்.

அந்த வருடம் தோட்டத்தில் காக்கைகள் பெருகிவிட்டன.

அதற்குக் காரணம் என் தாத்தா. அம்மாவின் அப்பா. அவர் ஊரில் இறந்துபோன செய்தி ஃபோனில் வந்தது. அம்மாவால் போக முடியவில்லை. மறுநாளிலிருந்து, சோறு வடித்ததும் முதல் கரண்டியை மோட்டார் ரூம் கூரைமேல் வைத்துக் கையைத் தட்டிக் கூப்பிட ஆரம்பித்தாள். சில நாள் கழித்து ஒரு காக்கை வந்தது. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தது. தாத்தாவும் அப்படித்தான் நடப்பாராம். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"தாத்தாவுக்கு விசா யாரும்மா குடுத்தா?" என்று கேட்டேன்.

"செத்தவுகளுக்கு என்னடி விசா," என்றாள் அம்மா.

தாத்தா அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஆட்டுக்குப் பின்னால் அனுப்பியவர். பொட்டப்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று கேட்டவர். அம்மா அதை மறந்தவள் அல்ல. சோறு வைக்கிற கையோடு திட்டும் வைப்பாள். "வா, வந்து தின்னு. எம்பேரக்கூட எழுதத் தெரியாம ஆக்கிவிட்டேல்ல. தின்னு."

தாத்தா தனியாகத் தின்பதில் திருப்தி அடையவில்லை. சொந்தபந்தங்களைக் கூட்டிவந்தார். காலையில் கூரை கறுத்துப்போகும். சோறு தீர்ந்ததும் அவை பப்பாளிக்குப் போயின. அதன் பிறகு கோழிக்குஞ்சுகளுக்கு. சாரல் மாதங்களில் சாலையோரக் கடைகளுக்குப் போக வேண்டிய பழமெல்லாம் மரத்திலேயே ஓட்டையாகித் தொங்கியது.

அர்பாபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் அப்பாவும் பேசிக்கொள்வது பாதி அரபி, பாதி இந்தி. அப்பாவை ரஃபீக், அதாவது கூட்டாளி, என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் சமையலறை வாசலில் நின்று புலம்பினார். "பக்கத்துத் தோட்டத்தில் காக்கா இல்லை, ரஃபீக். என் தோட்டத்தில் மட்டும் ஏன்? இதுவும் உங்கள் ஊர்க் காக்காதான். கப்பலேறி வந்தது. விசா இல்லை, வேலை இல்லை, சாப்பாடு மட்டும் வேண்டும்!"

அப்பா சிரித்து வைத்தார். விடை தெரிந்த கேள்வியைக் கண்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தாள்.

அன்றே அர்பாப் முடிவு செய்தார். காக்கைக்குப் பெரிய துப்பாக்கி வேண்டாம். சுண்டுவிரல் நுனியளவே தோட்டா உள்ள சின்னத் துப்பாக்கி போதும். லைசென்ஸ் அவர் பேரில் இருக்கும். விடியற்காலையில் எழுந்து சுடுவது அப்பா.

சாயங்காலம் எங்கள் ரூமில் பேச்சு சூடாக நடந்தது.

"வெளிநாட்டுக்காரன் கையில துப்பாக்கியப் பாத்தா போலீசு என்ன ஏதுன்னு கேக்காது. நேரா ஏர்போர்ட்டுதான். புள்ள படிப்பு அதோட போச்சு," என்றார் அப்பா.

"அப்ப அர்பாப்புகிட்ட சொல்லுங்க."

"சொன்னா, சரி, நீ சுட வேணாம், காக்கா எதுக்கு வருதுன்னு மட்டும் கண்டுபுடிம்பாரு. கண்டுபுடிக்கவா?"

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "சுடும்போது பாத்துச் சுடுங்க. காலு நொண்டுச்சுன்னா அது எங்கப்பன்."

அப்பாவுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. நூறு ரியாலுக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்று அர்பாப் சொல்லியிருந்தார். டவுன் கடையில் கேட்டபோது அதைப்போல் இரண்டு மடங்கு சொன்னார்கள். அன்று அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். ஆனால் மலையடிவாரத்தில் அர்பாபின் பழைய சிநேகிதர் ஒருவர் தன்னிடம் இருப்பதை விற்கப்போவதாகத் தகவல் வந்துவிட்டது. "நீ வந்து நில், விலை இறங்கும். தக்தூராவும் வரட்டும், அதன்மேல் இங்கிலீஷ் இருக்கும்," என்றார் அர்பாப்.

கிளம்பும்போது அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "வெல படியாம நான் பாத்துக்கிறேன்."

நீந்தத் தெரிந்தவர் இன்றைக்கு முழுகப்போகிறேன் என்று சொல்வதுபோல இருந்தது எனக்கு. என்னைக் கூட்டிக்கொண்டு போவதே நல்ல விலைக்கு வாங்கத்தான். அதற்காகவே வெள்ளிக்கிழமையிலும் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டிருந்தேன்.

மலைக்காரப் பெரியவரின் வரவேற்பறையில் கம்பளம் விரித்திருந்தது. காபி, பேரீச்சம்பழம், பக்கத்தில் அந்தத் துப்பாக்கி. ஒல்லியாக, மரப்பிடி வழவழவென்று, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவர் நூற்றைம்பது என்றார். சொல்லிவிட்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஆள் இவன்தானா?" என்று அர்பாபிடம் கேட்டார். அப்பாவின் புகழ் மலைவரைக்கும் ஏறியிருந்தது.

நான் குனிந்து இரும்புக் குழாயில் பொறித்திருந்ததை வாசித்தேன்.

"என்ன தாயி போட்ருக்கு? பழசு, ஒடஞ்சதுன்னு எதும் இருக்கா?" என்று அப்பா ஆவலோடு கேட்டார்.

"பழசுன்னு யாருப்பா எழுதி விப்பாக? ஒரு புள்ளி வச்சு ரெண்டு ரெண்டுன்னு இருக்கு." அது தோட்டாவின் அளவு என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்பா அர்பாப் பக்கம் திரும்பி, மனதில் இருந்ததை அப்படியே சொன்னார்: இது நமக்கு வேண்டாம். அவர் வாழ்க்கையில் அதைவிட உண்மையான சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார். பெரியவர் நூற்றிருபதுக்கு வந்தார். அப்பா பயந்துபோய் உதட்டைப் பிதுக்கினார். வேண்டுமென்று செய்யவில்லை, பல வருடப் பழக்கம், உதடு அதுவாகப் பிதுங்கியது. நூற்றுப்பத்து என்றார் பெரியவர். ஏசி ஓடுகிற அறையில் அப்பாவுக்கு வேர்த்தது. சட்டென்று எழுந்து வெளியே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தப்பித்து ஓடியவரைப் பெரியவர் விடவில்லை. காபிக் குவளையோடு பின்னாலேயே போய்க் கண்ணாடியைத் தட்டினார். தொண்ணூற்றைந்து!

அர்பாபின் முகம் மலர்ந்தது. நான் வாசலில் நின்று கை தட்டினேன். வண்டி ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் அழுவதைப் பார்த்ததுபோல இருந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு வாய்க் காபி குடித்தார். பிறகு, நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒன்றைச் செய்தார். விற்பவர் எதிரிலேயே பொருளைப் புகழ்ந்தார்.

"வாஜித் ஜைன்!" என்றார். ரொம்ப நல்ல துப்பாக்கி. இதுபோல ஒன்றை நான் பார்த்ததே இல்லை. தொண்ணூற்றைந்துக்குக் கொடுத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு இருநூறு கேட்கலாம்.

அர்பாப் வாய்க்குக் கொண்டுபோன குவளை பாதியில் நின்றது.

பெரியவர் கையை நெஞ்சில் வைத்தார். துப்பாக்கியை இரண்டு கைகளாலும் எடுத்து அர்பாபின் மடியில் வைத்தார். "தஃபத்தல். எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் விருந்தாளி மனதாரப் புகழ்ந்த பொருளுக்கு நான் காசு வாங்க மாட்டேன்," என்றார்.

அந்த மலையில் அப்படி ஒரு வழக்கம். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் அப்பாவுக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம் ரொம்ப எளிது. அதுவரை அவர் எதையுமே புகழ்ந்ததில்லை.

திரும்பும் வழியில் துப்பாக்கி, சால்வையில் சுற்றி, பின்சீட்டில் என் பக்கத்தில் படுத்திருந்தது. "ரஃபீக், எத்தனையோ விலை பேசியிருக்கிறாய். இப்படிச் சும்மா வாங்கித் தந்தது இதுதான் முதல் தடவை," என்று அர்பாப் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது. "இதற்குப் பதிலாக நான் என்ன கொடுப்பது?" என்றார். ஒருவர் சும்மா கொடுத்தால் வாங்கியவர் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் வழக்கம். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு சினைப் பசுவை மலைக்கு அனுப்பினார். இன்று ஜெபல் அலித் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்குப் பொருள் வாங்கித் தருவதுதான் என் வேலை. அந்தத் துப்பாக்கியைப்போல விலை கூடிய இலவசத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். "படிஞ்சிருச்சா?"

"சும்மாவே குடுத்துட்டாரு," என்றார் அப்பா.

"அப்படி என்னதான் சொன்னீக?"

"நல்லாருக்குன்னு சொன்னேன்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கலியாணம் ஆன நாளா நான் வச்ச கொழம்ப ஒருநா நல்லாருக்குன்னு சொன்னதில்ல. போயும் போயும் துப்பாக்கியவா சொன்னீக?"

அன்று அப்பா குழம்பை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் எதைச் சொன்னால் என்ன நடக்குமோ என்று பயந்திருக்கலாம்.

துப்பாக்கியை அர்பாப் பேருக்கு மாற்றும் போலீஸ் வேலை இழுத்துக்கொண்டே போனது. தோட்டாவும் அதற்குப் பிறகுதான். துப்பாக்கி வந்த மறுநாள் காலை அம்மா சோறு வடித்தாள். முதல் கரண்டியை எடுத்தாள். கொஞ்சம் நின்றாள். பிறகு அதை எங்கள் தட்டிலேயே போட்டாள்.

காக்கைகள் வந்து கூரையில் காத்திருந்தன. மறுநாளும் வந்தன. காலை இழுக்கிற காக்கை மட்டும் சமையலறை ஜன்னலுக்கே வந்து கரைந்தது. அம்மா ஃபோனில் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையின் கறுப்பு குறைந்தது. காகிதமும் தோட்டாவும் வந்து சேர்ந்தபோது சுடுவதற்குக் காக்கை இல்லை.

"பார்த்தாயா ரஃபீக்? துப்பாக்கி வந்தது அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. இந்தியாக் காக்காவுக்கு மூளை அதிகம்," என்று அர்பாப் பெருமைப்பட்டார். துப்பாக்கியை வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். ஒருமுறைகூட அது வெடிக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதன் கதையைச் சொல்வார். கேட்டவர் அதைப் புகழ வாயெடுத்தால் மட்டும் அவசரமாகக் காபியை நீட்டுவார்.

காக்கைக்குச் சோறு வைப்பது அதோடு நின்றுவிடவில்லை. கூரையில் சோறு நிறுத்திய அடுத்த வாரத்திலிருந்தே என் டிஃபன் பாக்ஸோடு ஒரு சின்ன டப்பா சேர்ந்தது. அதில் ஒரு கரண்டி வெறும் சோறு.

"மத்தியானம் மொதல்ல இத ஸ்கூல் செவுத்துல வச்சிட்டு அப்பறம் நீ சாப்புடு. கையத் தட்டிக் கூப்புடு. சிரிக்காமக் கூப்புடு," என்றாள் அம்மா.

நான் உடனே புரிந்துகொண்டேன். காக்கைகளைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவிட்டால் பப்பாளி தப்பிக்கும். படிக்காத அம்மாவுக்கு இவ்வளவு தந்திரம் எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். கேட்ட சிநேகிதிகளிடம் சயின்ஸ் புராஜெக்ட் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் மதிய மணி அடிப்பதற்கு முன்பே சுவரில் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிடும்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா முதலில் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். பரீட்சையில் எத்தனை மார்க் என்றுகூட அப்புறம்தான் கேட்பாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"காலு நொண்டிக்கிட்டா?"

"ஒன்னு கொஞ்சம் நொண்டுன மாதிரிதாம்மா இருந்துச்சு."

அம்மா டப்பாவைக் கழுவிக்கொண்டே, குழாய்த் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்: "சன்னல்கிட்ட வந்து நின்னுச்சா? நீ படிக்கிறத உள்ள எட்டிப் பாத்துச்சா?"

என்ன கேள்வி இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "காக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா," என்றேன்.

ஒரு சின்ன டப்பாவைக் கழுவ அம்மாவுக்கு அன்று ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாமல், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டேன்.