ஜரீனா அக்கா பனிக்குக் கொடுத்த ஆயில்

ஜரீனா அக்கா கடையில் விலை கேட்டால் பதில் உடனே வராது. "எங்க ஓட்டறீங்க? எவ்ளோ நேரம் ஓடும்?" என்று அவர்தான் முதலில் கேட்பார். துவாஸ் லாரியா, செங்காங்கில் புல் வெட்டும் மெஷினா, மீன்பிடிப் படகா என்று தெரிந்த பிறகே கை அலமாரிக்குப் போகும். ஒரு சொட்டை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துக் காட்டி, "பாருங்க, சூட்டுல இது தண்ணியாப் போகாது" என்பார்.

சிங்கப்பூரில் எங்கள் ஜாலான் புசார் சந்தில் எஞ்சின் ஆயில் விற்கும் ஒரே பெண் அவர். கணவர் ரவூப் அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, இனி டின் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது கடைக்கு வந்தவர். "நீங்க கல்லாவுல உக்காருங்க, டின் நான் தூக்குறேன்" என்றாராம். அன்றிலிருந்து தூக்குகிறார். தான் கொடுத்த ஆயிலால் எவர் எஞ்சினும் நின்றதில்லை என்பது அவருடைய பெருமை. சந்தில் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வோம்.

அடுத்த கடை எங்களுடையது, மளிகை. அப்பா பரமசிவம் சாமான் கட்டுவார். நான் கல்லாவில் இருந்தபடி இரண்டு கடையையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நவம்பரில் ஒருநாள் அஃப்ரீன் போன் செய்தாள். அக்காவின் ஒரே மகள். நர்ஸ் வேலைக்கான தாதிமைப் படிப்பு முடித்து, கனடாவில் கால்கரிக்குப் போனவள். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மகள் பேசுவதைச் சந்தும் கேட்க வேண்டும்.

"அம்மா, ஸ்னோ புளோவர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கேன். பனியை அள்ளித் தூரமா வீசுற மெஷின். புக் எதுவும் தரலை. என்ன ஆயில் ஊத்தணும்?"

"அவ்ளோ பனியா கொட்டுது?"

"வீக்கெண்ட்ல கொட்டுமாம். திங்கக்கிழமை காலையில புது ஆஸ்பத்திரியில முதல் நாள். மெஷின் ஸ்டார்ட் ஆகலைன்னா கார் கராஜை விட்டு வெளிய வராது."

"பெட்ரோல்ல ஆயில் கலக்கணுமா, தனியா ஊத்தணுமா?"

"தனியா. அளவு பாக்க ஒரு குச்சி இருக்கு."

"அப்ப ஃபோர் ஸ்ட்ரோக். வெறும் முப்பதாம் நம்பர் ஆயில் ஊத்து. சின்ன எஞ்சினுக்கு அதான். கண்ணை மூடிட்டு ஊத்து."

போனை வைத்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். "அண்ணே, கனடாவுக்கே கஸ்டமர் பிடிச்சாச்சு!"

"டெலிவரிக்கு யாரு போறா, நீயா?" என்றார் அப்பா.

மறுநாள் அப்பா தேங்காய் எண்ணெய் பாட்டில்களை ஐந்தடி நடைபாதையில் வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். ஏர்கானுக்குக் கீழே அடுக்கியவை வெள்ளையாக உறைந்து போயிருந்தன. அக்கா ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். எண்ணெய் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

"இதுவும் எண்ணெய்தானே அண்ணே?"

"பின்ன, பாலா?"

நேரே தன் கடைக்குள் போனார். காலியான ஊறுகாய் பாட்டில் இரண்டோடு திரும்பி வந்தார். ஒன்றில் முப்பதாம் நம்பர். மற்றதில் புதுக் கார்களுக்குக் கொடுக்கும் 5W-30 சிந்தெட்டிக் ஆயில்.

"உங்க ஃப்ரீசர்ல நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும்."

"ஏம்மா, மீன் வாங்குற சனம் என்ன நினைக்கும்?"

"இறுக்கி மூடியிருக்கு லா. உங்க தெங்கிரி மீன் எந்திரிச்சு வந்து குடிச்சிடாது."

மறுநாள் காலை ஃப்ரீசரைத் திறந்தது நான்தான். அக்கா இரண்டு பாட்டில்களையும் ஒன்றாகச் சாய்த்தார். சிந்தெட்டிக் கொஞ்சம் யோசித்துவிட்டு வழிந்து வந்தது. முப்பதாம் நம்பர், படுத்துக்கொண்டு எழ மறுக்கும் பிள்ளையைப் போல, அடியிலேயே கிடந்தது.

"டின் மேல இந்த டபிள்யூவைத் தினமும் பாக்குறேன். விண்டர்னு தெரியும். நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். இத்தனை வருடமும் எஞ்சின் எவ்வளவு சூடாகும் என்று கேட்டாரே தவிர, எவ்வளவு குளிரும் என்று கேட்க வேண்டிய ஆள் அவர் கடைப் படி ஏறியதே இல்லை.

மகளைக் கூப்பிட அக்கா போனை எடுத்ததும் ரவூப் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ஏன் தப்புன்னு சொல்லிக்கிட்டு? 'அதுவும் நல்லதுதான், இது இன்னும் நல்லது'ன்னு சொல்லிடேன்."

"அப்படிச் சொன்னா உங்க மக சோம்பேறி, அப்படியே விட்டுடுவா. தப்புன்னு சொன்னாத்தான் ஊத்துனதை இறக்குவா."

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசுவார் என்று நினைத்தேன். அணைக்கவில்லை.

"அஃப்ரீன், ஆயில் ஊத்திட்டியா?"

"நேத்தே ஊத்தி வெளிய வச்சிட்டேம்மா."

"இறக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நீங்களா?" என்றாள்.

"நானேதான். வெயில் ஊர்ல உக்காந்துக்கிட்டு வெயில் புத்தியில சொல்லிட்டேன். 5W-30 ஃபுல் சிந்தெட்டிக் வாங்கு. கார்ல போய் வாங்கிட்டு இன்னைக்கே மாத்து. அடியில ஒரு போல்ட் இருக்கும், கழட்டி முழுசா வடிய விடு. புதுசு ஊத்தறப்ப குச்சியில மேல் கோட்டைத் தாண்டாத. பழசைத் தெருவுல கொட்டாத."

சந்தில் எல்லோருக்கும் கேட்டது. எதிர்ப்பக்கத்து டயர் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அக்கா கழுத்தை நிமிர்த்தியபடியே போனை வைத்தார். முப்பதாம் நம்பர் டின் ஒன்றைத் தூக்கிக் காத்திருந்த வாடிக்கையாளரிடம், "உங்களுக்கு இதேதான், சந்தேகமே வேணாம்" என்று கொடுத்தார். இந்த ஊர்ச் சூட்டில் ஓட்டுகிறவருக்கு அதுதான் சரி.

திங்கட்கிழமை நாங்கள் கடையடைக்கும் நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே இன்னும் விடியவில்லை. கராஜ் விளக்கில் அஃப்ரீன், கண் மட்டும் தெரியும்படி போர்த்தியிருந்தாள். பின்னால் முழங்கால் உயரத்துக்குப் பனி. அக்கா போனை எங்கள் அரிசி மூட்டைமேல் சாய்த்து வைத்தார்.

அஃப்ரீன் மெஷினின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு இருமல். அக்காவின் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரகரவென்று தொடங்கிய சத்தம் சீராகி, பனி வெள்ளை வில்லாகப் பறந்து இருட்டுக்குள் விழுந்தது.

"ஆயில் ஓடுது!" என்றார் அக்கா. சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்தது.

"அம்மா, நான் போயிடுவேன்! நேரத்துக்குப் போயிடுவேன்!" என்று கத்தினாள் அஃப்ரீன்.

"உன் ஆயில் ஜெயிச்சிருச்சு போ" என்றார் அப்பா.

"ஆயில் என்ன பண்ணும்? போல்ட்டைக் கழட்டி, வடிச்சு, அந்தக் குளிர்ல கயிறு இழுத்தது யாரு? என் மக."

கடையைச் சாத்தும்போது அப்பா ஃப்ரீசரைக் காட்டினார். "இப்பவாச்சும் அந்தப் பாட்டிலை எடுப்பியா?"

"இருக்கட்டுண்ணே. யாராச்சும் கேட்டா காட்டணும்."

யாரும் கேட்கவில்லை. அவரே கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார். நேற்று துவாஸ் லாரிக்காரர் ஒருவர் ஃப்ரீசருக்குள் தலையை நீட்டிப் பார்த்து, "நான் கனடா போகலையேக்கா" என்றார்.

"நீங்க போகலைன்னா உங்க புள்ள போகும்" என்று பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார் அக்கா.