காருக்குள் வந்த பாணி மணம்

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். நானும் கணவரும் செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தோம். முதல் பிள்ளை என் வயிற்றில். பலர் கைமாறி வந்த பழைய கார் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் ஏறினாலே எனக்கு ஓர் இனிப்பு மணம் வரும். யாரோ அருகில் பாணி, அதாவது சர்க்கரைப்பாகு, காய்ச்சுவது போலிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சாய்ந்துவிடுவேன்.

"இஞ்சருங்கோ, காருக்குள்ள பாணி மணக்குதெல்லே?"

"எனக்கொண்டும் மணக்கேல்லை. பிள்ளைத்தாச்சிக்கு எல்லாம் மணக்கும்," என்று சிரிப்பார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த நாட்களில் ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நீர் உறையாமல் காக்கும் பச்சைத் திரவம் கலந்து நிரப்பி வைப்பார். சில நாளில் மட்டம் இறங்கிவிடும். காரின் அடியில் பழைய பத்திரிகைகளை விரித்து வைத்தார். விடிந்து பார்த்தால் தாள் காய்ந்தே கிடக்கும். எஞ்சினைச் சுற்றியிருந்த ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறதோ என்று பயந்து எண்ணெயைப் பார்த்தார்; அது பால்போலக் கலங்கவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்க்க என்னைக் காரின் பின்னால் நிற்கச் சொன்னார். அந்தக் குளிரில் தெருவில் போன எல்லாக் கார்களும் வெள்ளையாகத்தான் மூச்சு விட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் போனோம். ஏற்றத்தில் குளிர் கூடியது. ஹீற்றரைப் போட்டார். சற்று நேரத்தில் முன்கண்ணாடியில் பனிப்புகார் படிந்தது. துணியால் துடைத்தார், எண்ணெய் பூசியதுபோல் மங்கியது. வெளியே யூகலிப்டஸ் மரங்கள் கரைந்து கரைந்து போய்க்கொண்டிருந்தன. மணம் நிறைந்திருந்தது. நான் தூங்கிவிட்டேன். வெயிலில் சூடேறிய கடல்நீரில் கால் வைத்து நிற்பதாகக் கனவு. யாருமற்ற கரை. அலை மெல்ல வந்து பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

விழித்தபோதும் கால் நனைந்தே இருந்தது.

"காரை நிப்பாட்டுங்கோ! எனக்குக் கீழ எல்லாம் ஈரமாக் கிடக்கு."

அவர் முகம் வெளிறியது. "ஐயோ, தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுதோ? இன்னும் மாதம் கிடக்கே!"

"அதில்லையப்பா. காலடியில. இந்தக் காப்பற்றைப் பாருங்கோ."

காரை ஓரங்கட்டி, என் பக்கத்துக் கதவைத் திறந்து, புல்லில் முழங்காலிட்டார். தரைவிரிப்பான காப்பற்றை அமுக்கினார். பச்சையாய், பிசுபிசுப்பாய் விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"பாணிதான்," என்றார் மெதுவாக. "நீர் சொன்னது சரி."

எஞ்சினின் சூட்டுநீர் ஹீற்றருக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றர் வழியாக ஓடித்தான் எங்களைச் சூடாக்கியது. அதில் எங்கோ ஓட்டை; எனக்கு மணந்தது அந்தப் பச்சைத் திரவத்தின் இனிப்புத்தான். டாஷ்போர்டின் கீழிருந்து காப்பற்றில் சொட்டியதைக் காருக்கு வெளியே தேடியிருக்கிறோம்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்து தெருவைக் கடந்து போனது. பிள்ளை ஒருமுறை புரண்டது; அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். பிறகு அவர் ஹீற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி வளைத்து, திரும்பிவரும் வாயிலேயே மாட்டி, சூட்டுநீர் ஹீற்றருக்குள் போகாமல் செய்துவிட்டு, ரேடியேற்றரில் போத்தல் தண்ணீரை ஊற்றினார்.

கண்ணாடி மங்காதிருக்க ஜன்னல்களைத் திறந்துவிட்டு, போர்வைக்குள் ஒடுங்கியபடி வீடு திரும்பினோம். பிள்ளை வசந்தத்தில் சுகமாகப் பிறந்தது. ஹீற்றரை அடுத்த குளிருக்குத்தான் திருத்தினோம்.