பெரட்டுக்கு மேளம் அடித்த ஆப்பிரிக்கப் படம்

போன வாரம் ஹட்டனிலிருந்து வட்டவளைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் போனில் படம் பார்த்துக்கொண்டு வந்தார். காதில் ஒன்றையும் மாட்டிக்கொள்ளாமல் பஸ்ஸுக்கே கேட்கும்படி படம் பார்க்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. திரும்பி முறைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் போனுக்குள் யாரோ மேளத்தை ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தார்கள். செம்மண் முற்றம், மரங்கள், வீடுகளிலிருந்து வெளியே வருகிற பெண்கள். ஆப்பிரிக்கப் படம். கோபம் போன இடம் தெரியவில்லை. நானும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர்தான் கடைசியில் என்னை முறைத்தார்.

எனக்கு அந்த மேளம் பழக்கம். இருபத்திரண்டு வயதில் ஹட்டன் பஜாரில் ஒரு டிவிடி கடையில் வேலை செய்தேன். புதுப்பட உறைகளின் பிளாஸ்டிக் வாசமும், பக்கத்துக் கடையில் வடை பொரிகிற எண்ணெய் வாசமும் கலந்து என் சட்டையிலேயே குடியிருக்கும். முதலாளி வெளியே போனால் கடைக்கு நான்தான் ராஜா. எந்தப் படம் யாருக்குப் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன் என்று எனக்குள் பெரிய நினைப்பு. அந்த நினைப்பைச் செல்வி அக்கா ஒரே நாளில் இறக்கிவைத்தார்.

செல்வி அக்கா வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான்கு வருடம் லெபனானில் வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். கைப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

"இது ஓடுமான்னு பாருங்க தம்பி. மேல் மாடி வீட்டுல கானாக்காரப் புள்ள ஒன்னு வேல செஞ்சிச்சு. வரும்போது குடுத்திச்சு, அவங்க ஊரு படம்."

துடைத்துப் போட்டேன். ஓடியது. அதுவரை எனக்கு ஆப்பிரிக்கா என்றால் சிங்கம் மானைத் துரத்துகிற ஊர். அங்கேயும் மாமியார் இருப்பார், மருமகள் சமைத்த குழம்பில் குறை சொல்வார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேமரா கொஞ்சம் ஆடியது. பேசும்போது பின்னால் கோழி கூவியது. ஆனால் அந்த மருமகள் அழுதபோது நானும் செல்வி அக்காவும் கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்று மூக்கை உறிஞ்சினோம்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. லயத்து ஆளுங்களுக்கு நீங்கதான் கதைய சொல்லணும். ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்ல?"

ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எஸ், அதாவது வெறும் பாஸ், எடுத்துத் தப்பித்தவன் நான். தலையை ஆட்டிவிட்டேன்.

ஞாயிறு மதியம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவில் காலை வைக்க இடமில்லை. என்னை டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கையில் பிளேன்டீ கொடுத்துவிட்டார்கள். படத்தில் பேசிய ஆங்கிலத்தில் பத்தில் ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. மிச்ச ஒன்பதை முகத்தைப் பார்த்துச் சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகுதான் அந்த மேளம். ஒருவர் அடித்துக்கொண்டே வீடு வீடாகப் போகிறார், ஆட்கள் வந்து முற்றத்தில் கூடுகிறார்கள். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் விடியற்காலையில் தப்படித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, கூப்பிடுவார்கள். அந்த வழக்கம் நின்று வெகுநாளாகியும் காதுகள் மறக்கவில்லை. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா துள்ளி எழுந்தார்.

"அடியே, பெரட்டுக்கு அடிக்கிறாங்கடி!"

அவ்வளவுதான். படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஊர்த் தலைவர் பெரிய தொரை, அதாவது தோட்ட மேனேஜர், ஆகிவிட்டார். கோலோடு நின்றவர் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு. 'அப்படி இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் அவர்கள் கதை என் கதையைவிட நன்றாக இருந்தது. நானும் அதில் ஏறிக்கொண்டேன். தலைவர் கையை நீட்டி அந்த மருமகளை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"பேர வெட்டிட்டாங்க," என்றார் மாரியாயி அக்கா.

எல்லோரும் செல்வி அக்காவைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் லெபனான் போனதும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்து மூன்று மாதமாகக் கேட்டும் மறுபடி எழுதவில்லை. மாமியாரும் வயதாகி வேலையிலிருந்து நின்றுவிட்டார். வீட்டில் ஒருவருக்காவது பேர் இல்லையென்றால் அந்தக் காம்பராவும் கையைவிட்டுப் போகும். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது. திரையில் 'இரண்டாம் பாகம் பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் வந்தது.

"அடுத்த டிஸ்க்க போடுங்க தம்பி," என்றார்கள்.

"ரெண்டாவது இல்லீங்க. அந்தப் புள்ள ஒன்னுதான் குடுத்திச்சு," என்றார் செல்வி அக்கா.

இருபது முகம் என்னைப் பார்க்கிறது. "ரெண்டாவதையும் நான் கடையில பார்த்துட்டேன்," என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லி, மிச்சக் கதையை நானே கட்டினேன். மறுநாள் காலையில் மேளம் அடிக்கிறது. எல்லாப் பெண்களும் வருகிறார்கள், ஆனால் ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. அந்த மருமகளைக் கூப்பிட்டால்தான் வேலை என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் தொரையே அவள் பேரைத் தன் கையால் எழுதுகிறார்.

கைதட்டினார்கள். மாரியாயி அக்கா மட்டும் தட்டவில்லை.

"எத்தன நாளு உக்காந்தாங்க?"

"ஒரு நாள்தாங்க."

"ஒரு நாளா? அப்ப முடியும்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை கடைக்கு வந்தவர்கள், வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண்கள் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், கூடையைத் தொட மாட்டோம் என்கிறார்கள் என்று சொன்னார்கள். கதை சொன்னவனைத் தேடி ஆள் வரும் என்று பயந்து, அன்று மதியம் முழுவதும் கடையின் பின்பக்கத்தில் பழைய உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை செல்வி அக்காதான் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பேரு எழுதிட்டாங்க தம்பி. உக்காந்த அன்னிக்கு மத்தியானத்துக்குள்ளயே எழுதிட்டாங்க."

என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே திரைக்கதை அதுதான். ஓடியது.

போன வாரம் அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனில் தேடினேன். கொஞ்சம் அலைந்த பிறகு அந்த இரண்டாம் பாகம் கிடைத்தது. அதே மருமகள், அதே மூட்டை. பத்தாவது நிமிடத்தில் ஆற்றங்கரையில் விழுந்து செத்துப்போனாள். ஓட்டிப் பார்த்தால் மீதிப் படம் முழுக்க வெள்ளைச் சேலை மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஆவியாக வந்து மாமியாரைப் பயமுறுத்தினாள். பாதைக்கரையில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகு மனசு என்னவோ செய்தது.

வட்டவளையில் அந்த லயத்து வரிசை இன்னும் இருக்கிறது. ஆனால் காம்பராவுக்குக் காம்பரா ஆளுக்கொரு போன். படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து தானாக ஓடுகிறது. 'அவ என்னா சொல்றா தம்பி' என்று கேட்க ஒருவருக்கும் தேவை இல்லை. மேளம் அடித்தால் துள்ளி எழுந்து நிற்க மாரியாயி அக்காவும் இல்லை. ஹட்டனில் என் டிவிடி கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள்.

செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். இன்னும் அதே காம்பராவில்தான் இருக்கிறார்.

"அக்கா, அந்த ரெண்டாம் பாகம் கெடச்சிருச்சு. அவ செத்துப்போறாக்கா."

"அது அவங்க ஊரு படம் தம்பி," என்றார் அக்கா. "நம்ம படத்துல அவளுக்குப் பேரு எழுதியாச்சு. அத வெட்டாதீங்க."