மூலைமட்டத்துக்குப் பொட்டு

அளவு பிசகினால் எனக்குப் பொறுக்காது. கல்யாண வீட்டில் வாழையிலை கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். இப்படிப்பட்டவன் கையில் டிஜிட்டல் காலிப்பர் கிடைத்தால் என்ன ஆகும்? குரங்கு கையில் பூமாலை என்பார்கள். என் விஷயத்தில் பூமாலைதான் குரங்கைப் பிடித்துக்கொண்டது.

ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம் இப்போது என் தச்சுப் பட்டறை. கார் மழையில் நனைகிறது. செங்கோணம் பார்க்கும் இரும்பு மூலைமட்டம், கோடு கீறும் கத்தி, தலைமுடியின் தடிமனைக்கூடச் சொல்லும் காலிப்பர் எல்லாம் ஆன்லைனில் வாங்கியவை. பென்சிலை நான் தொடுவதில்லை. பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிடையாது. இந்த விளக்கத்தை ஒருமுறை கேட்டவர்கள், அடுத்த முறை என்னைக் கண்டால் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள்.

பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்து வீட்டை நிர்வாகம் காலி செய்யச் சொன்னபோது அக்காவை நான்தான் அழைத்துவந்தேன். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டு துணிப்பைகளும், சாமி படங்களை அடுக்கிய ஒரு பிஸ்கட் பெட்டியும்தான் அவள் சாமான். எங்கள் சாமிகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

“என் சாமிக்குத் தனியா ஒரு எடம் இருந்தா நல்லாருக்கும்லா” என்றாள்.

நானே ஒரு சாமி மேடை செய்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். அதுவரை பெட்டியும் பைகளும் கட்டியபடியே கிடந்தன. தீபாவளிக்குள் மேடை வராவிட்டால், தாப்பாவில் எங்கள் சித்தி மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துகொள்வதாகவும் சொல்லிவைத்தாள். எனக்கு மிஞ்சியிருக்கும் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவளை அனுப்ப எனக்கு மனமில்லை.

அதனால்தான் அத்தனை கவனம். மெராந்திப் பலகையை அளந்தேன், அளந்ததையே மறுபடி அளந்தேன், காலிப்பர் காட்டிய கடைசி எண் பிடிக்காமல் அறுத்த பலகையைத் தூக்கிப் போட்டேன். அக்கா தேநீரை வைத்துவிட்டு எட்டிப்பார்ப்பாள்.

“தம்பி, இது சாமி மேடையா, ஏரோப்ளேனா?”

“சாமிக்குச் செய்யறதுன்னா சும்மாவாக்கா? அப்படியே மெதுவாத்தான் வரும்.”

அவள் சிரிக்காமல் உள்ளே போய்விடுவாள்.

மேடையின் கூடு முடிந்து, கதவுகள் மட்டும் பாக்கி இருந்தபோது ஆயுத பூசை வந்தது. காருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. என் கருவிகளைச் செய்தித்தாளில் பரப்பினேன். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள்.

“அக்கா, பிடியில வச்சா போதும்.”

“வேலை செய்யறது பிடியா? வாயிலதான் வைக்கணும்.”

மூலைமட்டத்தின் உள்மூலையில் விரலால் அழுத்தி ஒரு பொட்டு. காலிப்பரின் தாடை இடுக்கில் ஒன்று. மறுநாள் கண்ணில் பட்டதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கதவுகளை மாட்டிப் பார்த்தால், மேலே உரசுகிறது, கீழே பல்லி போகும் இடைவெளி. பலகையைத் திட்டினேன். ஈப்போ மழையைத் திட்டினேன். பலகைக் கடைச் சீன முதலாளி தவுக்கேயைப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன். பலகை நேராகத்தான் இருந்தது, கண்ணாடியை மாற்றிப் பார் என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். இருந்த பலகையும் தீர்ந்தது, தீபாவளிக்கு முந்தின நாளும் வந்துவிட்டது.

கடைசியில் மூலைமட்டத்தையே சோதித்தேன். ஒரு துண்டுப் பலகையின் ஓரத்தில் வைத்து ஒரு கோடு, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். எனக்குக் கவட்டைபோல விரிந்து விழுந்தது. உள்மூலையைக் கத்திமுனையால் சுரண்டினேன். கல்லாக இறுகிய சந்தனம் வந்தது. மட்டத்தைப் பலகையோடு ஒட்டவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தது அதுதான்.

கத்தியும் கையுமாக உள்ளே ஓடினேன். அக்கா துணிப்பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

“பாருக்கா, உன் பொட்டுத்தான். கதவு ரெண்டும் கோணிப்போச்சு. இன்னும் ஒரு வாரம் குடு, புதுசா செஞ்சிடறேன்.”

அவள் சந்தனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கோணலாச்சுன்னுதானா இவ்ளோ நாளு? நான் போவணும்னுதான் நீ இழுத்தடிக்கிறன்னு நெனச்சேன்டா. வாய்விட்டுச் சொல்ல முடியாம அளந்துகிட்டே இருக்கன்னு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் அழுவதில் ஒரு வசதி, கண் உறுத்துகிறது என்றால் நம்பிவிடுவார்கள். அக்கா நம்பவில்லை.

“போவாதக்கா. நீ இருக்கணும்னுதான் இவ்வளவும்” என்றேன்.

“அப்ப கதவைக் கழட்டு. சாமி என்னா பூட்டிக்கிட்டா இருக்கப் போவுது?”

கழற்றினேன். கதவில்லாத மேடையில் முருகனையும் மாரியம்மனையும் வைத்து, அன்று சாயங்காலமே விளக்கேற்றினாள். கும்பிட்டு முடித்துவிட்டு, தீக்குச்சியை உதறிக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்கழிச்சு பாசார் போனா எனக்கு ஒரு தலகாணி வாங்கியா. இந்த வீட்டுத் தலகாணி கல்லு மாதிரி இருக்கு. கழுத்து போச்சு.”

வந்த நாளிலிருந்து அவள் அந்தத் தலையணையில்தான் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.